சாமி எப்படிக் கரையும்? ஒரு மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலைத் திருத்திய அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண் எழுதிய முதல் நாவல், எங்கள் கைக்கு வந்து புத்தகமாக வெளியே போகப் பதினெட்டு மாதம் பிடித்தது. கோவையில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு பதிப்பகம் எங்களுடையது. பிரதியைச் செம்மைப்படுத்துவது என் வேலை. அந்தப் பதினெட்டு மாதத்தில் நடந்ததை, நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன். ஆட்களின் பெயர், தோட்டத்தின் பெயர், நூலின் பெயர் மூன்றையும் விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டது அது.

நாவலில் கப்பல் வருகிறது, காடு வருகிறது, துரத்தல் வருகிறது. அதிலெல்லாம் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. தொல்லை வந்தது சாமிகளால்தான்.

பின்னணி

எழுதியவருக்கு அப்போது 27 வயது. கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை. கூட்டம் குறைந்த மத்தியான நேரங்களில் அங்கேயே உட்கார்ந்து நாவலையும் அடித்திருக்கிறார். 412 பக்கம், 34 அத்தியாயம்.

அவருடைய தாத்தா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார்கள். அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியக் கணக்கில் விழுந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அரசுக் காகிதத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஊரில் சிலோன்காரங்க. வீட்டுக்குள் பேசும்போது இன்றும் பெரட்டு, லயம், தவறணை என்று அந்தக் கரைச் சொற்கள் வந்து விழும்.

அந்தச் சொற்களில் ஒன்று ரோதை. சக்கரம் என்று பொருள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தில் வேலை செய்பவனின் கையும் உயிரும் போகாமல் பார்த்துக்கொள்ளும் சாமிக்கு ரோதமுனி என்று பெயர். இலங்கை மலையகத்தில் கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும் வேலை) ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி, சக்கரத்துக்கு ஒரு முனி என்று வேலையோடு ஒட்டிப் பிறந்த சாமிகள் உண்டு. இயந்திரத்துக்குள் குடியிருக்கும் முனியைப் பற்றி யாராவது எழுதமாட்டார்களா என்று நான் பல வருடமாகக் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆசைதான் பின்னால் என் கண்ணை மறைத்தது.

கதை இது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, ரோதமுனி கோயிலில் எடுத்த ஒரு பிடி மண்ணை பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறாள். முனியும் கூடவே வருகிறார். அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவார். நீலகிரியில் வந்து சேர்ந்த இடத்தில் கன்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலை இன்னும் இல்லை, சக்கரமும் இல்லை. கும்பிடுவதற்கும் ஆள் இல்லை, ஏனென்றால் கூட வந்த குடும்பங்கள் ஆளுக்கொரு தோட்டமாகச் சிதறிவிட்டன. முனி நாளுக்கு நாள் மெலிகிறார், பனியோடு பனியாகக் கரைகிறார். அவர் முழுதாகக் கரைவதற்குள் சிறுமி ஒரு சக்கரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வழியை மறித்து நிற்பவள், அந்த மலையின் பழைய தெய்வமான ஒரு கிழவி.

முதல் வாசிப்பு

இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். மொழி சுத்தமாக இருந்தது. துரத்தல் காட்சிகளில் வாக்கியங்கள் தாமாகவே குட்டையாகிக்கொண்டன. அதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது.

பிழைகளும் இருந்தன. 1970-இல் புறப்படும் குடும்பம் தனுஷ்கோடியில் வந்து இறங்குகிறது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அதற்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான். 'ராமானுஜம்' கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து மலைக்கு ஏறியிருக்க வேண்டும். கேட்டதற்கு, "தாத்தா எப்பவும் தனுஷ்கோடின்னுதான் சொல்வாருக்கா" என்றார். தாத்தாவின் அப்பா அந்தக் காலத்தில் போன வழி அது. இரண்டு தலைமுறைப் பயணம் ஒரே நினைவாக ஒட்டிப்போயிருக்கிறது. இதைத் திருத்தினோம், ஆனால் தாத்தா பாத்திரம் மட்டும் கப்பலைவிட்டு இறங்கி "இது தனுஷ்கோடிதானே?" என்று கேட்பதாக ஒரு வரி சேர்த்தார். நாவலின் நல்ல வரிகளில் ஒன்று அது.

நான் கவனிக்காமல் விட்டது வேறொன்று. கும்பிடுகிறவர் குறையக் குறையச் சாமி மெலியும் என்ற விதியை நான் கேள்வியே கேட்கவில்லை. ஆங்கில ஃபேன்டசியும் கணினி விளையாட்டும் பழகியவர்களுக்கு அது புளித்துப்போன விதி. பக்தி எரிபொருள், சாமி விளக்கு, எண்ணெய் தீர்ந்தால் அணையும். கேள்வி கேட்காதது மட்டுமில்லை. "எத்தனை பேர் கும்பிட்டால் முனிக்கு எவ்வளவு பலம் என்பது வாசகருக்குத் தெளிவாக வேண்டும்" என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் ஒரு அத்தியாயத்தையே கணக்கு வகுப்பு மாதிரி மாற்றிக் கொடுத்தார். அது என் தவறு.

லைன் வீட்டில் வாசித்த சாயங்காலம்

எழுத்தாளரின் அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதால், ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் குடியிருப்பில் உட்கார்ந்து நான்கு அத்தியாயத்தை வாய்விட்டு வாசிப்பது என்று முடிவானது. இது எங்கள் திட்டம் இல்லை. கிழவியின் ஆசைக்காக நடந்தது. நானும் பஸ் பிடித்துப் போயிருந்தேன்.

வெளியே சாரல். திண்ணையில் பதினோரு பேர், பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். குளிருக்குத் தலையோடு சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள். ஒருத்தி வாசித்து முடியும்வரை பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். கப்பல் அத்தியாயத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு முனி கரையும் அத்தியாயம் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். சாமியின் விரல் நுனி முதலில் பனியாவதும், மீசை கரைவதும், குரல் மட்டும் மிஞ்சுவதும் அருமையாக எழுதப்பட்டிருக்கும். வாசித்து நிறுத்தியபோது யாரும் பேசவில்லை. உருகிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பாயிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, சாமி எப்புடிக் கரையும்? அது என்ன கருப்பட்டியா?"

திண்ணை முழுக்கச் சிரிப்பு. பூண்டு உரித்தவள் சொன்னாள்: "நாம பொங்க வைக்காம விட்டா அதுக்கா கொறையும்? நம்ம புள்ளைக்குல்ல காய்ச்ச வரும்."

அதன்பிறகு அரைமணி நேரம் எங்கள் கையில் வாசிப்பு இல்லை. யார் யார் வீட்டில் எந்தச் சாமியை எத்தனை வருடம் மறந்திருந்தார்கள், என்னென்ன நடந்தது என்று கதை கதையாக வந்தது. கல்யாணம் தள்ளிப்போனது, கறவை மாடு செத்தது, மகன் குடிக்கப் பழகியது. ஒரு கதையிலும் சாமி இளைக்கவில்லை. மறந்தவர்கள்தான் இளைத்தார்கள்.

பேச்சு கோயில் பக்கம் திரும்பியபோது ஒரு சின்னச் செய்தியும் கிடைத்தது. குடியிருப்புக் கோயிலின் கதவைப் போன மாதம் கரடி உடைத்துவிட்டதால் புதிதாக இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இது புதிதில்லை. விளக்கில் இருக்கும் எண்ணெய்க்காகவும் நெய்க்காகவும் கரடி கோயிலுக்குள் புகுந்துவிடும். "நாம போறமோ இல்லையோ, அது வெள்ளி செவ்வாய் தவறாம வருது" என்றார் ஒருவர். எழுத்தாளர் அதை அங்கேயே கைப்பேசியில் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பென்சில் குறிப்புகளைப் புரட்டினேன். வெட்கமாக இருந்தது.

விதியை மாற்றியது

அடுத்த வாரம் நாங்கள் மூவர் உட்கார்ந்தோம்: எழுத்தாளர், பதிப்பாளர், நான். பதிப்பாளருக்கு மாற்ற விருப்பமில்லை. மிகுபுனைவு உலகத்தில் ஆசிரியர் வைத்ததே விதி, திண்ணையில் உட்கார்ந்து ஓட்டெடுப்பா நடத்துவது என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு கற்பனைக் கண்டத்தில், கற்பனைப் பெயர்களோடு இந்தக் கதை நடந்திருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் இதில் வருவது ரோதமுனி. கதை அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறவர்களின் கணக்கைத் தள்ளிவிடுகிறது.

விவாதத்தைத் தீர்த்தது ஒரு சொல். எழுத்தாளர் சொன்னார்: "நேர்த்திக்கடன்னுதானேக்கா சொல்றோம்." தமிழில் நேர்ந்துகொள்வதற்குப் பெயரே கடன். கடனாளி மறந்துவிட்டால் கொடுத்தவன் மெலிந்துபோவதில்லை, வட்டிதான் ஏறுகிறது. குலதெய்வக் குற்றம் என்று நம் ஊரில் சொல்வதும் இந்தக் கணக்குதான். வீட்டில் அடுத்தடுத்து ஏதாவது நடந்தால் முதலில் வரும் கேள்வி, "குலதெய்வத்துக்குப் போய் எத்தனை வருசமாச்சு?"

முடிவு இப்படி அமைந்தது. முனி மெலியமாட்டார். டின்னுக்குள் இருக்கும் பிடிமண்ணை நல்ல இடம் பார்த்து வைத்து, பூசை போட்டால்தான் புது இடத்தில் சாமி இறங்கியதாக அர்த்தம். சக்கரம் இல்லாததால் குடும்பம் அதைத் தள்ளிப்போட்டு டின்னைப் பரணில் ஏற்றிவிடுகிறது. வருடம் போகப் போக டின் கனக்கிறது. முதலில் ஒரு கையால் தூக்கக்கூடிய டின், பிறகு இரண்டு கைக்கும் அடங்காமல் போகிறது. கடைசியில் பரணே இறங்குகிறது. சிறுமி காப்பாற்ற ஓடிய சாமியே இப்போது அவளைத் துரத்துகிறது. முதல் வடிவத்தில் அவள் பரிதாபப்பட்டு ஓடினாள், இதில் பயந்து ஓடுகிறாள். 34 அத்தியாயத்தில் 11 புதிதாக எழுதப்பட்டன. நான்கு மாதம் ஆனது. சாமி கரையும் அந்த அழகான அத்தியாயம் முழுதாகப் போனது. எனக்கு இன்னும் அதன் மேல் கொஞ்சம் ஏக்கம் உண்டு.

முடிவுக் காட்சியும் மாற வேண்டியதாயிற்று. முன்பு ஒரு குகைக்குள் மாயச் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. நீலகிரியில் நிஜச் சக்கரங்களுக்கா பஞ்சம் என்று கேட்டு, 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தை நான் சொன்னேன். அவர் மலை ரயிலைப் பிடித்தார். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போடப்பட்ட பாதை. கல்லாறைத் தாண்டியதும் செங்குத்து தொடங்கிவிடும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். அவரை இழுத்தது அதைவிட இன்னொரு விஷயம். ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழே நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. "முனி முன்னாடி போற சாமி இல்லக்கா, பின்னாடி நின்னு தள்ற சாமி" என்றார். நான் பைக்காராவை விட்டுவிட்டேன்.

கோபம் கொண்ட சாமியோடு கதையை எப்படி முடிப்பது என்பதற்குப் பழனி வழி காட்டியது. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் தூக்கிவந்த இடும்பன், முருகனோடு மோதி, விழுந்து, உயிர் பெற்று, அந்த மலைக்கே காவலாகிறான். காவடி எடுப்பதற்குச் சொல்லப்படும் கதை அது. சாமியோடு மல்லுக்கு நின்றவனுக்குச் சாமியின் வாசலிலேயே இடம் கிடைக்கிறது. சிறுமியின் முடிவும் அந்தப் போக்கில் அமைந்தது. கரடிக்கும் ஒரு அத்தியாயம் கிடைத்தது: ஊரே மறந்த கோயிலுக்குத் தவறாமல் வரும் ஒரே பக்தராக.

பாட்டியை வில்லியாக்கியது

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கனமானது. நாங்கள் நடந்துகொண்ட விதமும் சரியில்லை.

முதல் பிரதியில் வழிமறிக்கும் மலைக்கிழவிக்கு வைத்திருந்த பெயர் ஹெத்தை. நீலகிரி மலைச் சமூகமான படுகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன். மார்கழியில் வெள்ளை உடுத்தி, கூட்டம் கூட்டமாகக் கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணிக்கு நடந்து போவார்கள். கோத்தகிரியில் வளர்ந்தவருக்கு அது வருடா வருடம் பார்த்துப் பழகிய காட்சி. பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. கீழிருந்து வந்த சாமிக்கும் மேலே இருந்த சாமிக்கும் மோதல் என்ற அமைப்புக்கு, கண்முன்னே இருந்த பெயரை எடுத்துப் போட்டிருக்கிறார்.

எனக்கு இது உறுத்தியது. பதிப்பாளர் முதலில் வக்கீலைக் கேட்டார். இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ (இப்போதைய நியாய சன்ஹிதாவில் 299) வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. நாவலில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டதும் எங்களுக்குள் ஒரு மெத்தனம் வந்துவிட்டது. சட்டம் விடுகிறது என்றால் ஆளிடம் கேட்க வேண்டாம் என்பது மாதிரி. ஆறு வாரம் கழித்துத்தான், ஓய்வு பெற்ற ஒரு படுக ஆசிரியரிடம் பிரதியைக் கொடுத்தோம்.

அவர் முழுதும் படித்தார். எழுத்துப் பிழைகளையும் திருத்தி வைத்திருந்தார். கோபப்படவில்லை. "ஹெத்தைன்னா எங்க பேச்சுல பாட்டி. சாமிங்கிறதுக்கு முன்னாடி பாட்டி. உங்க பாட்டிய வில்லியா போட்டு நான் ஒரு கதை எழுதிட்டு, உங்ககிட்டயே பிழை திருத்தக் கொடுத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எழுத்தாளர் தலை நிமிரவில்லை.

பெயரை எடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம். அடுத்த வாரமே கணினியில் தேடி, 163 இடத்தில் 'ஹெத்தை' போய் 'மலைக்கிழவி' வந்தது. பக்கம் அமைக்கக் கொடுத்துவிட்டோம். மரியாதைக்கு அந்தப் படுக ஆசிரியருக்கும் ஒரு படி அனுப்பினேன். போனில் கூப்பிட்டார். "பேரை எடுத்துட்டீங்க. வெள்ளை வேட்டிய எடுக்கலையேம்மா."

திரும்பப் புரட்டினேன். வெள்ளை உடுத்திய ஊர்வலம் அப்படியே இருக்கிறது, நடை அப்படியே இருக்கிறது, மார்கழிக் குளிர் அப்படியே இருக்கிறது. கோத்தகிரியில் யார் படித்தாலும் இரண்டாவது பத்தியில் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லப்போனால் முன்னைவிட மோசம். முதலில் தெரியாமல் செய்தது, இப்போது தெரிந்து மறைத்ததாகிவிட்டது.

அச்சுப் பக்கங்களை நிறுத்தினோம். 48 பக்கம் மறுபடி அமைக்க வேண்டிவந்தது. செலவைப் பதிப்பகமே ஏற்றது. எழுத்தாளர் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு, மலைக்கிழவியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு கற்பனைத் தெய்வத்தைக் கொண்டுவருவதா என்று நான் கேட்டபோது, வேண்டாம் என்றார். டின்னே துரத்தும்போது வழியை மறிக்க இன்னொரு சாமி எதற்கு? புது விதியை வைத்துக்கொண்டு பழைய வில்லியையும் நாங்கள் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், அவருக்குத்தான் தோன்றியது. இப்போதுள்ள வடிவத்தில் மலையின் தெய்வம் நேரில் வருவதே இல்லை. சோலைக்குள் ஒரு திருப்பத்தில் சிறுமி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள். டின் அந்தத் தூரம் மட்டும் கனக்காமல் இருக்கிறது. ஏன் என்று நாவல் சொல்லவில்லை.

ஆசிரியருக்கு அந்தப் பக்கங்களையும் அனுப்பினோம். "இது பரவாயில்லை" என்றார். நன்றியுரையில் தன்னைப் பற்றி ஒரு குறிப்பும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்பதைச் சம்மதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சுருட்டு, சாராயம், கிடா

இது சின்ன விவாதம்தான். பள்ளி நூலகங்களுக்கு விற்க வேண்டுமானால் முனிக்குப் படைக்கும் சுருட்டையும் சாராயத்தையும் எடுத்துவிடலாம் என்று விற்பனையைப் பார்க்கும் நண்பர் சொன்னார். கிடா வெட்டும் காட்சியையும். எடுக்கவில்லை. சுருட்டில்லாத முனியை அந்தத் திண்ணையில் வாசித்துக் காட்ட எனக்குத் தைரியம் கிடையாது. கிடா விஷயத்தில் எழுத்தாளருக்குச் சொந்த நினைவே உண்டு: 1950-ஆம் வருடத்துப் பலித்தடைச் சட்டத்தை 2003-இல் அரசு கடுமையாக அமல்படுத்தியபோது, நேர்ந்துவிட்ட கிடாவை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் வைத்து வளர்த்தார்களாம். 2004-இல் அந்தச் சட்டத்தையே அரசு விலக்கிக்கொண்டது. அதற்குள் கிடாவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் நாவலில் வேறொரு காலத்துக்கு மாறி வந்திருக்கிறது.

அச்சுக்குப் பிறகு

500 பிரதி போட்டோம். வெளியீட்டு விழா வைக்கவில்லை. குடியிருப்புக் கோயிலில் முதல் பிரதியை எலுமிச்சம்பழத்தோடு வைத்துக் கும்பிட வேண்டும் என்று அப்பாயி பிடிவாதம் பிடித்தார். பூசாரி தயங்கினார். கதைப் புத்தகத்தில் சாமி ஓடுகிறார், விழுகிறார், அதைச் சாமி முன்னாலேயே வைப்பதா என்றார். கடைசியில் புத்தகம் வாசற்படியில் வைக்கப்பட்டது. இடும்பன் இடம்தான் என்று எழுத்தாளர் சிரித்தார்.

விற்பனை மெதுவாகத்தான் போனது. ஆனால் புத்தகம் போன இடங்கள் நாங்கள் எதிர்பாராதவை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் கேட்டு வாங்கின. இலங்கை மாத்தளையிலிருந்து ஒரு வாசகர், ரோதை என்ற சொல்லை அச்சில் பார்த்து நாளாயிற்று என்று எழுதினார். ஃபேன்டசி பிரியர்களான இளைஞர்களிடமிருந்து எதிர்மறையாகவும் வந்தது: சாமியின் சக்திக்கு வரைமுறை இல்லை, எப்போது கனக்கும் எப்போது கனக்காது என்று தெரியவில்லை என்றார்கள். அவர்கள் கேட்டது என் பழைய பென்சில் குறிப்பைத்தான். பதில் எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

மறுபடி செய்வதாக இருந்தால்

வாய்விட்டு வாசிப்பதைக் கடைசியில் அல்ல, பிரதி கைக்கு வந்த முதல் மாதத்திலேயே செய்வேன். அந்தச் சாயங்காலம் தற்செயலாக நடந்தது. அப்பாயிக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் நடந்தேயிருக்காது. நாவல் பழைய விதியோடு அச்சாகியிருக்கும், நானும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

வக்கீலுக்கு முன்னால் அந்தச் சமூகத்து வாசகரிடம் போயிருப்பேன். ஒருவரிடம் அல்ல, இரண்டு மூன்று பேரிடம், ஒரு பெண்ணிடமாவது. ஒரு ஆசிரியரின் தோளில் ஒரு சமூகத்தின் சம்மதத்தை ஏற்றிவைத்தது அவருக்கும் பாரம். அவர் செலவழித்த நேரத்துக்கு நாங்கள் பணம் கொடுக்கவுமில்லை. கொடுக்கத் தோன்றவே இல்லை. கணினியில் பெயரைத் தேடி மாற்றும் வேலையை இனி எந்தப் பிரதியிலும் செய்யமாட்டேன். எடுக்க வேண்டியதை வாசித்துத்தான் எடுக்க வேண்டும்.

சொற்பொருள் பட்டியல் போடாமல் விட்டதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, பதிப்பாளருக்கு உண்டு.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது. இலங்கைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர், இப்போது குன்னூரில் இருப்பவர், போன் செய்தார். அவர் வேலை பார்த்த இடத்தில் ரோதையை நிறுத்திவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவார்களாம். நாவலின் கடைசிக் காட்சியில் பல்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சிறுமி பூசை போடுகிறாள். "ஓடுற ரோதைக்கு யாராச்சும் சூடம் காட்டுவாங்களா பாப்பா? கை போயிரும்" என்றார். எழுத்தாளரிடம் சொன்னேன். ரயிலை நடுமலையில் நிறுத்தினால் காட்சியே படுத்துவிடும் என்கிறார் அவர். அப்பாயியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்.